பட்டம் முடியும் வரை

காலை ஐந்தரைக்குக் காற்றைத் திறந்துவிட்டார்கள். மேற்குச் சுவர் நெடுக இருந்த விசிறிகள் உறுமிக்கொண்டு கிளம்பியதும், சுருளியம்மாள் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு விதைக் கொட்டகையை விட்டு வெளியே வந்தாள். உச்சியில் வான்கூரை சாம்பல் நிறத்தில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. பெருமழை ஒன்று இறங்கப் போகிறது என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் சத்தியமே செய்வார்கள். இறங்காது. பத்து மணிக்கு நாலு தூறல், மாலை நாலரைக்கு ஒரு சாரல். அட்டவணையில் அவ்வளவுதான் உண்டு.

"இன்று ஆடி பதினேழு," என்றது ஒலிபெருக்கி. "நாளை ஆடிப்பெருக்கு. அரைநாள் விடுப்பு. பதினோரு மணிக்குக் கால்வாயில் நீர் விடப்படும்."

"விடட்டும், விடட்டும்," என்றாள் ஒச்சம்மா. அவள் குந்தி உட்கார்ந்து கத்தரி விதையைப் பீஜாமிர்தத்தில் புரட்டிக்கொண்டிருந்தாள். சாணமும் கோமியமும் சுண்ணாம்பும் கலந்த கரைசல் அவள் முழங்கை வரை வழிந்திருந்தது. "போன பெருக்குக்குச் சக்கரைப் பொங்கல்ல ஏலக்காயே போடல. இந்தத் தடவையாச்சும் கேட்டு வாங்கு சுருளி. நீதான எழுதப் படிக்கத் தெரிஞ்சவ."

"போன பெருக்கு முடிஞ்சு முப்பது நாள்தான ஆச்சு. ஏலக்காய மறக்கவே மாட்டியாக்கா?"

"மறக்குறதுக்கு இங்க வேற என்னடி நடக்குது?"

அவள் சொன்னதில் தப்பில்லை. முப்பத்தொரு நாளுக்கு ஒருமுறை ஆடிப்பெருக்குக் கொண்டாடும் பாக்கியம் உலகத்தில் இந்த நாற்பத்திரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. வாரம் தவறாமல் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். பதினெட்டாம் நாள் கால்வாயில் பூ விட்டார்கள். முப்பத்தொன்றாம் நாள் மாலை, "நாளைக்கு ஆவணி பொறந்துரும்ல" என்று யாராவது ஒருவர் சொல்லுவார், எல்லோரும் சிரிப்பார்கள். மறுநாள் காலை ஐந்தரைக்கு ஒலிபெருக்கி ஆடி ஒன்று என்று சொல்லும்.

இதைக் கேட்டு யாரும் இவர்களைப் பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். பருவங்கள் குலைந்து, சித்திரையில் பனியும் மார்கழியில் வறட்சியுமாக நாடு காய்கறிக்குத் திண்டாடியபோது, பருவ வாரியம் கண்டுபிடித்த வழி இது. தேனிக்குத் தெற்கே மலையடிவாரத்தில் வட்டமாகப் பன்னிரண்டு வான்கூரைகளை எழுப்பினார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே ஒரு மாதம். ஒரு கூரைக்குள் பன்னிரண்டு மாதங்களையும் மாற்றி மாற்றிக் கொண்டுவருவதைவிட, மாதத்தை ஆணியடித்து நிறுத்திவிட்டு மண்ணை நகர்த்துவது எளிது என்று பொறியாளர்கள் கணித்தார்கள். அதற்காக ஊர்பாத்திகள் செய்தார்கள். தண்டவாளத்தின் மேல் நிற்கும் அந்தப் பாத்திகள் முப்பத்தொன்றாம் நாள் மாலை, நாற்றோடும் மண்புழுவோடும் கிழக்குக் கதவு வழியாக ஆவணி வளாகத்துக்குப் போய்விடும். மேற்குக் கதவு வழியாக வெறும் பாத்திகள் வந்து நிற்கும்.

போன செடிகள் ஆவணியில் தழைத்து, ஐப்பசியில் பூத்து, மார்கழியில் காய்த்துத் தள்ளி, தையில் ஓயும். அங்கங்கே இருக்கிறவர்கள் களையெடுப்பார்கள், வேப்பங்கொட்டைக் கரைசல் அடிப்பார்கள், பறிப்பார்கள். பூச்சிமருந்து என்ற பேச்சே கிடையாது. அதனால் நகரத்தில் இந்தக் காய்க்கு ஏக மரியாதை. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஒரு வளாகத்திலிருந்து மற்றதற்குத் தொற்றிவிடக் கூடாது என்று மனிதர்களுக்கு உயிர்க்கட்டு விதித்திருந்தார்கள். மண்ணைத் தொட்டவர் வெளியே போனால் மறுபடி உள்ளே வர முடியாது. அவர் இடத்துக்கு இன்னொருவரைப் பழக்க ஒரு வருடம் ஆகும். அதனால் யாரையும் அனுப்ப வாரியத்துக்கு மனம் வராது. பாத்தி ஊரும், ஆள் ஊர மாட்டார். ஆடியில் இருக்கிறவர்கள் விதைத்தார்கள், நாற்றுக்குத் தண்ணீர் தெளித்தார்கள், வழியனுப்பினார்கள். உள்ளே வந்த நாளிலிருந்து செடியில் தொங்கும் ஒரு கத்தரிக்காயை அவர்கள் கண்ணால் பார்க்கவில்லை.

எப்படி மாட்டிக்கொண்டார்கள் என்று விசாரித்தால் விரல் சுருளியிடம்தான் வந்து நிற்கும். யாரும் அவள் முகத்துக்கு எதிரே சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

வாரியம் முதலில் நீட்டிய ஒப்பந்தத்தில் "ஆறு மாதம்" என்றுதான் இருந்தது. நல்ல சொல், ஒரு வம்புக்கும் போகாத சொல். அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போட வந்தவர்கள் எல்லாம் கம்பம், சின்னமனூர் பக்கத்துத் தோட்டக்காரர்கள். ஆடியிலிருந்து ஆறு மாதம் என்றால் மார்கழியோடு முடியும். அவரையும் மொச்சையும் தையில்தான் காய்ந்து ஓயும். காய்ப்பு நிற்பதற்கு முன்னால் காட்டை விட்டுப் போகிற வழக்கம் அவர்கள் பரம்பரையில் இல்லை. எந்தத் தோட்டத்திலும் அவர்கள் பட்டக் கணக்கில்தான் இறங்குவார்கள்: விதைப்பில் தொடங்கி, கடைசிப் பறிப்பு முடிந்து கொடி காயும் வரை ஒரு பட்டம். "ஆறு மாசம்னு போட்டா நம்மள வெள்ளாமை தெரியாத பயலுகன்னு நெனைப்பான்" என்று ஆளாளுக்குக் குமுறினார்கள். அழகாக எழுதத் தெரிந்த சுருளி ஒரு மனு எழுதினாள். ஆறு மாதம் என்பதை அடித்துவிட்டு, பட்டம் முடியும் வரை என்று திருத்தினாள். மாத முறைப்படி விசேஷங்களுக்கு விடுப்பு வேண்டும் என்று இன்னொரு வரியும் சேர்த்தாள். முதல் கையெழுத்து அவளுடையது. அதன் கீழே நாற்பத்தொன்று.

வாரியம் இரண்டே நாளில் ஒத்துக்கொண்டது. இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிறார்களே என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று லட்டு வாங்கிப் பகிர்ந்துகொண்டார்கள். உள்ளே வந்து ஏழாவது ஆடியில் அவர்களில் ஒருவனான கூடலிங்கம் அலுவலகத்தில் போய் நின்று, பட்டம் எப்போது முடியும் என்று கேட்டான். பட்டம் தையில் முடியும், வளாகத்தில் தை பிறந்ததும் தாராளமாகக் கிளம்பலாம் என்று பதில் வந்தது. வெளியே யாரோ வழக்குப் போட்டார்கள். அது நடந்துகொண்டிருந்தது.

சுருளிக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். வெளியே போக வேண்டும், போய்த் தவசியைக் கட்டிக்கொள்ள வேண்டும். தவசி அவளுடைய தாய்மாமன் மகன், சின்னமனூரில் மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் கட்டுகிறவன். முப்பத்தொரு வயதில் அவள் உள்ளே வரும்போது, பட்டம் முடிந்து வந்ததும் தையிலேயே கல்யாணம் என்று பூ வைத்து உறுதி செய்திருந்தார்கள். ஆடி ஒன்று தோறும் பேசியறையில் ஆளுக்குப் பத்து நிமிடம் தொலைபேசி கிடைக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் மற்ற முப்பது நாளும் அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கீகளா மாமா?"

"எனக்கென்ன. காலையில ரெண்டு மோட்டார் வந்துச்சு. நீ சாப்ட்டியா?"

"ஆச்சு. அத்தை என்ன சொல்றாக?"

"என்ன சொல்லும், எப்பவும் சொல்றதுதான். வர்ற தையில வச்சுக்கலாம்னு நானும் சொல்லிருக்கேன். கேஸுலயும் இந்தத் தடவ நல்லபடியா வரும்ங்கிறாங்க. வந்துரும்ல?"

"வந்துரும் மாமா."

இதையேதான் போன ஆடியிலும் பேசினார்கள். தவசியின் குரலில் சலிப்பு இருக்காது; அது அவளுக்கு ஆச்சரியமாகவும் ஆறுதலாகவும் இருக்கும். வெளியே இது என்ன வருடம் என்று அவள் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. வளாகத்தில் யாருமே கேட்பதில்லை. கேட்பது அபசகுனம் என்பதுபோல ஒரு வழக்கம் எப்படியோ வந்துவிட்டது.

அந்தப் பெருக்கு முடிந்து அடுத்த ஆடி ஒன்று அன்று, பேசியறை வாசலில் தன் முறைக்காக நின்றபோதுதான் அது நடந்தது. வாசல் சுவரில் அவர்களுடைய ஒப்பந்தம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். மேலே சுருளியின் கையெழுத்தில் மனு. அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் வாரியத்தின் விளக்கக் குறிப்பு. முந்தின வாரம் மருத்துவ முகாமில் அவளுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். போட்டுப் பார்க்கலாமே என்று மாட்டிக்கொண்டு, வேடிக்கையாக அந்த எறும்புகளைப் படித்தாள்.

"பட்டம் என்பது, ஒருவர் விதைத்த செடியின் காய், விதைத்த வளாகத்துக்குள்ளேயே அவரால் பறிக்கப்படும் நாளோடு முடிவதாகும்."

இரண்டு தரம் படித்தாள். எந்தப் பாத்தியும் ஆடியில் தங்காது, காய் இங்கே பறிக்கப்படவே போவதில்லை என்ற தைரியத்தில் எழுதிய வரி. அவள் முறை வந்து கூப்பிட்டார்கள். அன்று தவசியிடம் என்ன பேசினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

ஒச்சம்மாவிடம் ஒரே ஒரு கத்தரி விதை கேட்டாள். ஒச்சம்மா ஏனென்று கேட்காமல் வரிக்கத்தரியில் நல்லதாகப் பார்த்து மூன்று கொடுத்தாள். இரண்டு முளைத்தன. அதில் திடமானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிப்போட்டாள். ஓட்டை விழுந்த ஒரு நீர்த்தொட்டியைப் பாதியாக அறுத்து, மண்புழு உரமும் மணலும் நிரப்பி நட்டாள். சாணமும் கோமியமும் புளிக்கும் அமுதக்கரைசல் தொட்டிகளுக்குப் பின்னால்தான் அதற்கு இடம் கிடைத்தது. இலைகளை எண்ணுவதற்கென்று வளாகத்தில் பறக்கும் இயந்திரத் தட்டான்கள் உண்டு. டிரோனை அங்கே அப்படித்தான் சொல்லுவார்கள். தொட்டிகளிலிருந்து கிளம்பும் ஆவி கண்ணாடிக் கண்ணில் படிந்துவிடுவதால் தட்டான்கள் அந்தப் பக்கம் போகாது. அந்த வாடைக்கு மனிதர்களே போக மாட்டார்கள்.

ரகசியம் ஐந்து நாள் தாங்கியது. ஆறாம் நாள் நாற்பத்திரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அந்த வரியை அவள் எல்லோருக்கும் சொன்னாள். கூடலிங்கம், "ஒன்னோடது மொதல்ல காய்க்கட்டும். வாரியம் ஒத்துக்கிட்டா ஆளுக்கு ஒரு செடி. கத்தரி, வெண்டை, எது கெடைச்சாலும்" என்றான். அதன்பிறகு அது எல்லோருடைய செடியாகவும் ஆகிவிட்டது.

ஆடியில் ஒரு செடியைக் காய்க்கவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. காற்று ஓயவே ஓயாது. நாற்றைத் திடப்படுத்துவதற்காக ஏற்படுத்திய காற்று அது. பூவைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்கவில்லை. சாக்கைக் கிழித்து மூன்று பக்கமும் மறைப்புக் கட்டினார்கள். மாவுப்பூச்சி வந்தது, ராத்திரி வேலைக்காரர்கள் ஆள் மாற்றி ஆள் வேப்பெண்ணெய் தெளித்தார்கள். முதல் பூக்கள் நாலும் உதிர்ந்தன. இங்கே தேனீ கிடையாது, பூவே இல்லாத இடத்தில் தேனீக்கு என்ன வேலை. கூடலிங்கம் முன்காலத்தில் கைபேசி பழுதுபார்த்தவன். பழைய கைபேசி ஒன்றிலிருந்து அதிர்வு மோட்டாரைக் கழற்றி, ஒரு குச்சியில் கட்டி, ஐந்தாவது பூவின் காம்பில் வைத்தான். அது ரீங்காரமிட்டது. மகரந்தம் மஞ்சள் தூளாக உதிர்ந்து அவன் நகத்தில் ஒட்டியது.

பூ நின்றது. பிஞ்சு வந்தது. ஆட்கள் இரண்டிரண்டு பேராக, வாளியும் கையுமாக ஏதோ வேலையாகப் போவதுபோல் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சிலர் பார்த்துவிட்டு அழுதார்கள். ஒச்சம்மா காம்பைத் தொட்டுவிட்டு விரலை உதறிக்கொண்டாள். "முள்ளு குத்துது," என்றாள் பெருமையாக. "நெசமான காய்தான்."

விதை போட்டு மூன்றரை ஆடி கழிந்து, ஒரு ஆடி பதினாறு அன்று காலை, சுருளி அந்தக் காயைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தாள். நாற்பத்தொரு பேரும் விதைத்துக்கொண்டிருந்தார்கள். தலை நிமிர்ந்து பார்க்காமல் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அலுவலர் எஸ்தர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், வெளியுலகத்தின் காற்றில் உட்கார்ந்திருப்பவர். கடுகடுப்பானவர் இல்லை. தொடக்கத்திலிருந்தே அந்த நாற்காலியில் இருக்கிறார். ஏலக்காய் கேட்டால் முடிந்தவரை வாங்கித் தருகிறவர். சுருளி காயைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள். உள்ளங்கை நீளம், பச்சையில் வெள்ளை வரி. எஸ்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இங்க காய்ச்சதா?"

"ஆமா மேடம். நான் வெதைச்சது, நான் பறிச்சது. தொட்டிக்குப் பின்னாடி செடி இருக்கு."

"அந்த வரிய எப்பப் படிச்சீங்க?"

"கண்ணாடி குடுத்தீங்கல்ல. அன்னைக்கு."

எஸ்தர் லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உக்காருங்க சுருளியம்மா. உங்க பட்டம் முடிஞ்சிருச்சு. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நாளைக்கே தனியறைக்கு மாத்திருவாங்க, இருபது நாள். அப்புறம் வீடு."

சுருளி உட்கார்ந்தாள். "மத்தவுக?"

"விதைச்சவங்களுக்கு மட்டும்தான். இதை நான் பதிஞ்ச அடுத்த மணி நேரத்துல அந்த வரிய எடுத்துருவாங்க. தொட்டிக்குப் பின்னாடியும் ஒரு கண்ணு வச்சிருவாங்க. இன்னொருத்தருக்குக் காய்க்க விடமாட்டாங்க."

"அப்ப அவுகளுக்குத் தை வரவே வராதா?"

"வராது." எஸ்தர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், கேளுங்க. கோர்ட்டுல ஒரே ஒரு கேள்வியத்தான் திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. எத்தனை நாள்னு ஒரு எண் சொல்லுங்கன்னு. நீங்க உள்ள வந்து ஒன்பது வருஷமாச்சு, இன்னும் வாரியத்தால பதில் சொல்ல முடியல."

"எத்தனை வருஷம்?"

"ஒன்பது. முடிஞ்சு ரெண்டு வாரமாச்சு." எஸ்தர் அவள் முகத்தைப் பார்க்காமல் தொடர்ந்தார். "இப்ப வாரியம் எறங்கி வந்திருக்கு. பட்டம்ங்கிற வார்த்தைய எடுத்துட்டு, இன்னையிலிருந்து அஞ்சு வருஷம்னு எழுதலாம்னு. அஞ்சு வருஷம் முடிஞ்ச அன்னைக்கு நாற்பத்திரண்டு பேருக்கும் கதவு திறக்கும். யாரும் தடுக்க முடியாது, கோர்ட்டு முத்திரை இருக்கும். ஆனா பழைய மனுவ மாத்தணும்னா முதல் கையெழுத்துப் போட்டவங்க உள்ள இருந்து ஒத்துக்கணும். வெளிய போயிட்டா உங்க கையெழுத்து செல்லாது. காயா, எண்ணான்னு நீங்கதான் சொல்லணும்."

"அஞ்ச மூணாக்க முடியாதா மேடம்?"

"ஏழுன்னு ஆரம்பிச்சாங்க. சண்ட போட்டு அஞ்சுக்குக் கொண்டுவந்திருக்கேன்."

சுருளி காயை மடியில் வைத்துக்கொண்டாள். அது இன்னும் காற்றின் குளிர்ச்சியோடு இருந்தது. போய் அவர்களைக் கேட்டுவிட்டு வரலாமே என்று தோன்றியது. கேட்டால் என்ன சொல்லுவார்கள் என்றும் தெரியும். நீயாவது போ தாயி என்பார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லுவார்கள். அதைக் கேட்டால் அவள் போய்விடுவாள். போன பிறகு ஆயுசு முழுக்க அந்த முகங்களோடு படுக்க வேண்டும். அவர்களிடம் கேட்காமலிருந்ததற்கு அதுதான் காரணம், பெருந்தன்மை ஒன்றும் இல்லை. ஒரு சொல்லை எழுதி நாற்பத்தொரு பேரை அடைத்தவள் தான்தான் என்ற கசப்பை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்ததே என்றுதான் நினைத்தாள். முதல் தடவையும் அவள் யாரையும் கெடுக்க நினைத்து எழுதவில்லை.

"எங்க எழுதணும்?" என்றாள்.

கண்ணாடிச் சட்டத்திலிருந்து எடுத்த பழைய மனுவில், பட்டம் முடியும் வரை என்ற சொற்களை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தாள். மேலே, ஆயிரத்து எண்ணூற்று இருபத்தாறு நாட்கள் என்று எழுதினாள். எழுத்து இன்னும் அழகாகவே இருந்தது.

எஸ்தர் அவளுக்காக அன்று மாலை பேசியறையைத் திறந்துவிட்டார். ஆடி ஒன்று இல்லாத ஒரு நாளில் அவள் தவசியைக் கூப்பிடுவது அதுதான் முதல் முறை. பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அவன் ஓடிப்போய் நிறுத்திவிட்டு வந்தான்.

"என்ன சுருளி, விட்டுட்டாகளா?"

"அஞ்சு வருஷம் மாமா. கோர்ட்டு முத்திரையோட. அஞ்சு வருஷத்துல கண்டிப்பா வந்துருவேன்." சொல்லும்போது அவளுக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. முதல் முறையாக அவனிடம் நிச்சயமான ஒன்றைச் சொல்கிறாள்.



"அஞ்சா," என்றான் தவசி.

"ஒன்பது போயிருச்சுல்ல மாமா. அதுக்கு இது கொறச்சல்தான."

"அது ஒன்பதுன்னு எனக்குத் தெரியல சுருளி. ஒவ்வொரு தடவையும் வர்ற தைதான். அம்மாட்டயும் வர்ற தைன்னுதான் சொன்னேன். வர்ற தைக்குக் காத்திருக்கிறது ஒண்ணும் பெருசா இல்ல." அவன் குரல் இறங்கியது. "அஞ்சுன்னு சொன்னா உக்காந்து எண்ணணும். எனக்கு நாப்பத்தெட்டாயிரும். என்னால ஆகாது சுருளி. நான் பொய் சொல்லல, ஆகாது."

அவன் அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்து நிமிடத்தில் நாலு நிமிடம் மிச்சம் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பேசாமலே கழித்தார்கள்.

வெளியே வந்தபோது எல்லோரும் விதைக் கொட்டகையில் கூடியிருந்தார்கள். சாரல் நேரம். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தனக்கு நடந்ததைச் சொல்லாமல், அவர்களுக்கு நடந்ததைச் சொன்னாள். உள்ளே வந்து ஒன்பது வருடம் முடிந்துவிட்டது, பட்டம் என்ற சொல் போய்விட்டது, இனி தை வேண்டாம், ஆவணி வேண்டாம், ஆயிரத்து எண்ணூற்று இருபத்தாறு நாள் கழித்துக் கதவு திறந்துவிடும் என்றாள். யாராவது தன்னைக் கட்டிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருவராவது நன்றி என்று சொல்லுவார்கள் என்று நினைத்தாள். அதற்காக அவள் செய்யவில்லை, ஆனாலும் எதிர்பார்த்தாள்.

சாரல் நின்றது.

"எங்களக் கேட்டியா?" என்றான் கூடலிங்கம் கடைசியில்.

"கேட்டா என்னையப் போகச் சொல்லிருப்பீகண்ணே."

"சொல்லிருப்போம். போயிருக்க வேண்டியதுதான. ஒருத்தி போனா, இன்னொருத்தரும் என்னைக்காச்சும் போகலாம்னு இருந்திருக்கும்." அவன் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தான். "நேத்து வரைக்கும் எப்ப வேணாலும் விட்டுருவாங்கன்னு இருந்துச்சு. நாளைக்கேகூட. இப்ப அஞ்சு வருஷம் உள்ளன்னு நீயே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்க."

"நேத்து வரைக்கும் இருந்தது பொய்யிண்ணே. தை வரவே வராது. அந்தம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாக."

"பொய்தான். அது எங்களுக்குத் தெரியாதாக்கும். ஆனா அதுல படுத்தா தூக்கம் வந்துச்சு."

அவன் சத்தமாகக்கூடப் பேசவில்லை. ஒவ்வொருவராக எழுந்து தங்கள் வேலைக்குப் போனார்கள். அடைத்துவைக்கப்பட்டிருக்கிறோம் என்று அவர்கள் ஒன்பது வருடத்தில் ஒருநாளும் தங்களுக்குள் சொல்லிக்கொண்டதில்லை என்பது சுருளிக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டம் இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொல்லைத்தான் அவள் கோடு போட்டு அடித்துவிட்டு வந்திருந்தாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் காற்றைத் திறந்துவிட்டார்கள். ஒலிபெருக்கி கொஞ்சம் தடுமாறியது; புதிய வாசகத்தை யாரோ அவசரமாகப் பதிந்திருக்க வேண்டும். "இன்று முதல் நாள்," என்றது. "மீதம் ஆயிரத்து எண்ணூற்று இருபத்தைந்து நாட்கள்." பெருக்குக்கு முந்தின நாள் அது. ஆனால் பொங்கலைப் பற்றி யாரும் பேசவில்லை.

சுருளி விதைத்தட்டை எடுத்துக்கொண்டு ஒச்சம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒச்சம்மா கையைக் கரைசலில் வைத்தபடி புரட்டாமல் இருந்தாள். அவள் கோபமாக இருக்கிறாளா என்று தெரியவில்லை. சுருளி தட்டில் குழிக்கு ஒரு விதையாகப் போட ஆரம்பித்தாள்.

"ஏ சுருளி."

"என்னக்கா?"

"அந்தம்மா ஒம்போதுன்னா சொன்னா?"

"ஆமாக்கா. ஒம்போது முடிஞ்சிருச்சாம்."

"நான் உள்ள வரையில எனக்கு அம்பத்தெட்டு. ஆதார் அட்டையப் பாத்துத்தான் சேத்தாக. நீ படிச்சவ, கூட்டிச் சொல்லு."

சுருளி விதையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அறுபத்தேழு."

"கதவத் தொறக்கையில?"

அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "எழுபத்திரண்டுக்கா."

ஒச்சம்மா கரைசலிலிருந்து கையை எடுத்தாள். விரலை விரித்து, புறங்கையைத் திருப்பி, முழங்கை வரை மெதுவாகப் பார்த்தாள். யாருடையது இது என்று கேட்பதுபோல் பார்த்தாள்.

"நேத்து வரைக்கும் எனக்கு அம்பத்தெட்டுதாண்டி," என்றாள்.